23 பெயர்கள் மனப்பாடம் ஆனபிறகும் டிசைன் பேட்டர்ன் ஏன் பிடிபடுவதில்லை?

நிரல் வடிவமைப்பில் அடிக்கடி வரும் ஒரு சிக்கலுக்கு, பலமுறை பயன்பட்டுத் தேறிய தீர்வுக்கு டிசைன் பேட்டர்ன் என்று பெயர். 1994-இல் வந்த ஒரு நூல் அப்படி 23-ஐத் தொகுத்தது. மென்பொருள் வேலைக்கான நேர்காணலில் பலரும் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு: "சிங்கிள்டன் பேட்டர்ன் எழுதிக் காட்டுங்கள்." தயாராக வந்தவர் பத்து வரியில் எழுதிவிடுவார். கன்ஸ்ட்ரக்டரைப் பிரைவேட் ஆக்குவார், ஸ்டாட்டிக் மாறி ஒன்று வைப்பார், அதைத் திருப்பித் தரும் மெத்தட் ஒன்று எழுதுவார். அடுத்த கேள்வி: "இதை எங்கே பயன்படுத்தக் கூடாது?" பேச்சு பெரும்பாலும் அங்கேதான் நின்றுபோகிறது.

இதற்காகப் படிப்பவர்களைக் குறைசொல்வது நியாயமில்லை. கற்பிக்கும் முறை அப்படி அமைந்துவிட்டது. ஒரு பெயர், ஒரு கட்டப்படம், ஒரு மாதிரி நிரல் என்று 23 முறை திரும்பத் திரும்ப வரும். என்ன சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் இந்த வழியைப் பிடித்தார்கள், அதற்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்ற பகுதி காணாமல் போகிறது. பேட்டர்னின் உயிர் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரை பெயர்களைப் பின்னுக்குத் தள்ளி, சிக்கலிலிருந்து தொடங்குகிறது.

## முதலில் மூன்று சொற்கள்

1. ஆப்ஜெக்ட்: தகவலையும் அந்தத் தகவலை வைத்துச் செய்யும் வேலையையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம். நகைக்கடை பில்லிங் நிரலில் ஒரு சங்கிலி ஆப்ஜெக்ட் ஆகலாம். எடை, தரம் ஆகியவை தகவல். விலையைச் சொல்வது வேலை. அப்படி ஒவ்வொரு வேலைக்கும் மெத்தட் என்று பெயர்.

2. கிளாஸ்: ஒரே மாதிரியான ஆப்ஜெக்ட்களை வார்த்தெடுக்கும் அச்சு. ஓர் ஆப்ஜெக்ட் பிறக்கும்போது அதில் ஓடும் பகுதி கன்ஸ்ட்ரக்டர்.

3. இன்டர்ஃபேஸ்: "இந்த வேலையை என்னிடம் கேட்கலாம்" என்ற உறுதிமொழி மட்டும். அதை எப்படிச் செய்து முடிப்பேன் என்பது அதில் இருக்காது.

மூன்றாவதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கேட்பவருக்கு உறுதிமொழி மட்டும் தெரிந்தால் போதும், செய்பவரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரே யோசனைதான் பாதிக்கு மேற்பட்ட பேட்டர்ன்களுக்குள் ஓடுகிறது.

## ஒரு நகைக்கடை பில்

நகைக்கடையில் பில் போடுவது எடையைக் கிராம் விலையால் பெருக்குவதோடு முடிவதில்லை. செய்கூலி உண்டு, சேதாரம் உண்டு, எல்லாவற்றுக்கும் மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. 16 கிராம் சங்கிலிக்கு 10 சதவீதம் சேதாரம் என்றால் 17.6 கிராமுக்குப் பணம் கட்ட வேண்டும். தங்க நாணயத்துக்குச் சேதாரம் போடாமல் ஒரு சிறு தொகையை மட்டும் சேர்ப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். கல் வைத்த நெக்லஸில் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு ஒரு கணக்கு, கல்லுக்குத் தனிக் கணக்கு.

இதை நிரலாக எழுத உட்கார்பவர் இயல்பாக எழுதுவது இதுதான்: சங்கிலியாக இருந்தால் இப்படிக் கணக்கிடு, இல்லையென்றால் நாணயமா பார், அதுவும் இல்லையென்றால் கல் நகையா பார். இஃப், எல்ஸ் என்று மூன்று படி ஏணி. மூன்று வகை நகைக்கு இதில் ஒரு தவறும் இல்லை. யாராவது இதைப் பார்த்துவிட்டு "பேட்டர்ன் போடாமல் எழுதியிருக்கிறாயே" என்று சொன்னால், அவர்தான் தவறு.

பிறகு அட்சய திருதியை வருகிறது: செய்கூலியில் பாதி தள்ளுபடி. அடுத்து, நகைச் சீட்டு கட்டி முடித்தவர்களுக்குச் சேதாரம் கிடையாது என்று முதலாளி அறிவிக்கிறார். வெள்ளிப் பாத்திரங்களும் விற்கத் தொடங்குகிறார்கள். ஏணி மூன்று படியிலிருந்து பத்துப் படியாகிறது. அதே ஏணி எஸ்டிமேட் சீட்டு போடும் இடத்திலும் வேண்டியிருப்பதால் அங்கே ஒரு பிரதி. நகையைத் திருப்பித் தரும்போது கழிக்க வேண்டிய கணக்குக்கு இன்னொரு பிரதி. ஒருநாள் கல் நகைக் கணக்கைத் திருத்தப் போனவர் கை தவறி நாணயக் கணக்கைக் கெடுத்துவிடுகிறார். எஸ்டிமேட்டில் ஒரு தொகை, பில்லில் வேறு தொகை வருகிறது.

இப்போதுதான் சிக்கல் பிறந்திருக்கிறது. என்ன நடந்தது என்று பார்த்தால், பில் போடும் முறை மாறவே இல்லை: தங்கத்தின் மதிப்பு, அதோடு கூலி (செய்கூலி, சேதாரம் இரண்டும் சேர்த்து), அதன்மேல் வரி. மாறிக்கொண்டே இருப்பது கூலிக் கணக்கு மட்டும். மாறுவதையும் மாறாததையும் ஒரே மெத்தடுக்குள் பிசைந்து வைத்ததுதான் வலிக்குக் காரணம்.

பிரித்து எழுதினால் இப்படி வரும். "கூலிக் கணக்கு" என்று ஓர் இன்டர்ஃபேஸ். அதில் ஒரே ஒரு மெத்தட்: எடையையும் கிராம் விலையையும் கொடுத்தால் கூலித் தொகையைச் சொல்ல வேண்டும். அந்த உறுதிமொழியை நிறைவேற்றும் கிளாஸ்கள் தனித்தனியாக நிற்கும்: சதவீதச் சேதாரம், கிராமுக்கு இவ்வளவு, மொத்தமாக இவ்வளவு, சீட்டுச் சலுகை. பில் கிளாஸ் இவற்றில் ஏதோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "கூலி எவ்வளவு?" என்று கேட்கும். எந்தக் கிளாஸ் பதில் சொல்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். புதிய சலுகை வந்தால் புதிய கிளாஸ் ஒன்று சேரும். பழைய கிளாஸ்களில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை.

இதன் பெயர் ஸ்ட்ராட்டஜி பேட்டர்ன்.

இதற்குக் கொடுக்கும் விலையையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். முன்பு ஒரு கோப்பைப் படித்தால் பில் எப்படி உருவானது என்று தெரிந்துவிடும். இப்போது ஐந்தாறு கோப்புகளைத் திறக்க வேண்டும். இந்த நகைக்கு எந்தக் கூலிக் கணக்கு என்று யாரோ ஓரிடத்தில் முடிவெடுத்தாக வேண்டும். அதாவது ஏணி ஒழிந்துவிடவில்லை, மூன்று இடங்களிலிருந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கிறது. நாணயம் மட்டும் விற்கும் கடைக்கு இவ்வளவு ஏற்பாடும் வீண்.

## பேட்டர்ன் என்ற சொல்லுக்குள் இருப்பவை

மேலே நடந்ததைக் கவனித்தால் ஒரு பேட்டர்னின் நான்கு உறுப்புகளும் அதில் வந்துவிட்டன.

1. பெயர்: ஸ்ட்ராட்டஜி. ஒரு குழுவில் "கூலிக் கணக்கை ஸ்ட்ராட்டஜியாகப் பிரித்துவிடலாமா?" என்று ஒருவர் கேட்டால் மற்றவர்களுக்கு முழு அமைப்பும் கண்முன் வந்துவிடும்.

2. சிக்கல்: ஒரே வேலைக்குப் பல கணக்குமுறைகள், அவை அடிக்கடி மாறுகின்றன, பல இடங்களில் தேவைப்படுகின்றன.

3. தீர்வு: எந்த ஆப்ஜெக்ட் யாரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், யாரைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்ற ஏற்பாடு.

4. விளைவுகள்: கிடைக்கும் லாபமும் கொடுக்கும் விலையும்.

பாடக் குறிப்புகளில் முதலாவதும் மூன்றாவதும் மட்டும் மிஞ்சுகின்றன. இரண்டாவதையும் நான்காவதையும் வெட்டிவிட்டால் மிச்சமிருப்பது, நோய் என்னவென்று சொல்லாமல் கையில் கொடுக்கப்பட்ட மருந்துச் சீட்டு.

ஒரு நுணுக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்ட்ராட்டஜியின் கட்டப்படமும் ஸ்டேட் என்ற இன்னொரு பேட்டர்னின் கட்டப்படமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கிளாஸ், அது வைத்திருக்கும் ஓர் இன்டர்ஃபேஸ், அதை நிறைவேற்றும் சில கிளாஸ்கள். ஆனால் ஸ்டேட் தீர்க்கும் சிக்கல் வேறு. ஓர் ஆர்டர் "பதிவானது", "பட்டறைக்குப் போனது", "தயாரானது", "ஒப்படைக்கப்பட்டது" என்று நிலை மாறிக்கொண்டே போகும்போது, ஒவ்வொரு நிலையிலும் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பது மாறும். நிலைகள் தாமாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். கூலிக் கணக்கு அப்படி ஒரு பில்லுக்கு நடுவில் தானாக மாறாது. படத்தைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, சிக்கலைப் பார்த்தால்தான் பிரிக்க முடியும்.

## வீடு கட்டுபவரிடமிருந்து வந்த யோசனை

இந்த யோசனை கணினித் துறையில் பிறக்கவில்லை. கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் கட்டடக் கலைஞர். 1936-இல் வியன்னாவில் பிறந்தவர், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். இளமையில் குஜராத்தில் ஒரு கிராமத்தில் தங்கி வேலை செய்திருக்கிறார். 1964-இல் வெளியான அவருடைய நூலில் விரிவாக அலசப்படும் உதாரணம் ஓர் இந்தியக் கிராமம். அந்தக் கிராமத்துக்கு வேண்டிய 141 தேவைகளை வரிசைப்படுத்தி, எது எதோடு மோதுகிறது, எது எதோடு சேர்ந்துபோகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு வடிவமைப்பு என்பது ஒன்றையொன்று இழுக்கும் தேவைகளுக்கு நடுவே கண்டெடுக்கும் இணக்கம் என்ற பார்வை அங்கேயே வந்துவிட்டது.

1977-இல் அவரும் சக ஆசிரியர்களும் வெளியிட்ட "எ பேட்டர்ன் லாங்குவேஜ்" என்ற நூலில் ஊர் அமைப்பிலிருந்து ஜன்னல் திண்டு வரை 253 பேட்டர்ன்கள் இருக்கின்றன. அதில் ஒன்று "ஆறடி பால்கனி". சுவரிலிருந்து வெளியே ஆறடிக்குக் குறைவாக நீளும் பால்கனிகளை மக்கள் பெரும்பாலும் பயன்படுத்துவதே இல்லை என்கிறது அது. இரண்டு மூன்று பேர் ஒரு சின்ன மேசையைச் சுற்றி நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார அவ்வளவு இடம் வேண்டும். அதற்குக் குறைந்தால் துணி காயப்போடத்தான் உதவும். நம் ஊர் அடுக்குமாடிகளை அண்ணாந்து பார்த்தாலே இது எவ்வளவு உண்மை என்று தெரியும். செங்கல்லில் கட்டு, மரத்தில் கட்டு என்றெல்லாம் அந்தப் பேட்டர்ன் சொல்வதில்லை. எந்தச் சிக்கலுக்கு எந்த ஏற்பாடு பொருந்தும், ஏன் பொருந்தும் என்று மட்டும் சொல்கிறது.

இதை நிரலாக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்ற இரு நிரலாளர்கள். 1987-இல் ஊப்ஸ்லா என்ற நிரலாக்க மாநாட்டில் அவர்கள் சொன்ன அனுபவம் சுவாரஸ்யமானது. ஸ்மால்டாக் மொழியில் திரை ஜன்னல்களை வடிவமைக்க ஐந்தே பேட்டர்ன்களை எழுதி, அந்த மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறவர்களிடமே கொடுத்தார்கள். ஒரு வேலைக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் சில பகுதிகள் மட்டும், சுருக்கமான மெனு என்று எளிய விதிகள். நிரலாளர் அல்லாத அவர்களே திரைகளை வடிவமைத்துவிட்டார்கள். வல்லுநரின் கைப்பழக்கத்தை மற்றவர்களும் எடுத்தாளக்கூடிய மொழியாக்க முடியும் என்று அது காட்டியது. பேட்டர்ன்களைப் பலரும் சேர்ந்து எழுதிச் சேகரிக்க வேண்டும் என்பதற்காகத்தான் கன்னிங்ஹாம் 1995-இல் உலகின் முதல் விக்கியை, அதாவது படிப்பவர்களே திருத்தக்கூடிய இணையதளத்தை, உருவாக்கினார். விக்கிப்பீடியாவின் பெயரில் உள்ள "விக்கி"க்கு மூலம் அதுதான்.

எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடீஸ் ஆகிய நால்வரும் எழுதிய "டிசைன் பேட்டர்ன்ஸ்" நூல் 1994 இறுதியில் வந்தது. "நால்வர் குழு" என்ற பட்டப்பெயர் அவர்களுக்கு அப்படி ஒட்டிக்கொண்டது. 23 பேட்டர்ன்களையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, சேகரித்தார்கள். நடைமுறையில் ஓடிக்கொண்டிருந்த மென்பொருள்களில் எங்கெல்லாம் அவை இருந்தன என்று ஒவ்வொன்றுக்கும் உதாரணம் கொடுத்தார்கள். ஆப்ஜெக்ட்களை உருவாக்குவது பற்றி ஐந்து, ஆப்ஜெக்ட்களைச் சேர்த்துக் கட்டுவது பற்றி ஏழு, வேலையைப் பங்கிடுவது பற்றிப் பதினொன்று. அந்த மூன்று பிரிவுகளை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் எதுவும் இல்லை. நூலின் முன்னுரைப் பகுதியில் இருக்கும் இரண்டு அறிவுரைகளைப் புரிந்துகொண்டால் உண்டு.

## அடியில் ஓடும் இரண்டு யோசனைகள்

1. செய்பவரைப் பார்த்து எழுதாதே, உறுதிமொழியைப் பார்த்து எழுது. நகைக்கடை பில்லில் பார்த்தது இதுதான்.

2. மரபுரிமையைவிடச் சேர்க்கையை நாடு. ஒரு கிளாஸின் திறமை வேண்டுமென்றால் அதன் வாரிசாகப் பிறப்பதைவிட, அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை வாங்குவது நல்லது.

இரண்டாவதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவா மொழியின் நூலகத்திலேயே சாட்சி இருக்கிறது. ஸ்டேக் என்பது தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போன்றது. மேலே வைக்கலாம், மேலிருந்து எடுக்கலாம், அவ்வளவுதான். ஜாவாவில் ஸ்டேக் கிளாஸை எழுதியவர்கள் அதை வெக்டர் என்ற கிளாஸின் வாரிசாக்கினார்கள். வெக்டர் என்பது பட்டியல். அதில் எந்த இடத்திலும் செருகலாம், எந்த இடத்திலிருந்தும் உருவலாம். வாரிசுக்கு அந்தத் திறமைகளும் தானாக வந்துவிட்டன. எனவே இன்றும் ஜாவாவில் அடுக்கின் அடியில் இருக்கும் தட்டை நேராக உருவி எடுக்க முடியும். பழைய நிரல்கள் உடைந்துவிடும் என்பதால் அதைத் திருத்தவும் வழியில்லை. வெக்டரை உள்ளே வைத்துக்கொண்டு இரண்டு வேலைகளை மட்டும் வெளியே காட்டியிருந்தால் இந்த ஓட்டை வந்திருக்காது.

அதே ஜாவாவில் இந்த அறிவுரை அழகாகப் பலித்த இடமும் இருக்கிறது: கோப்புகளைப் படிக்கும் பகுதி. கோப்பிலிருந்து படிக்கலாம், நெட்வொர்க்கிலிருந்து படிக்கலாம், நினைவகத்திலிருந்து படிக்கலாம், மூலம் மூன்று. மொத்தமாக வாங்கி வைத்துப் படிப்பது, சுருக்கியதை விரிப்பது, மறைகுறியை அவிழ்ப்பது. விருப்பத் தேவை மூன்று. விருப்பத் தேவைகள் மூன்றில் எவை வேண்டும், எவை வேண்டாம் என்பதற்கு எட்டுச் சேர்க்கைகள். மூன்று மூலத்துக்கும் எழுதினால் 24 கிளாஸ். டெக்கரேட்டர் பேட்டர்ன் இதை ஆறு கிளாஸில் முடிக்கிறது. ஒவ்வொரு தேவையும் ஓர் உறை. உறையும் உள்ளே இருப்பதும் ஒரே உறுதிமொழியைத் தருவதால் உறைமேல் உறையாகப் போட்டுக்கொண்டே போகலாம்; படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. நான்காவது தேவை வந்தால் ஒரு கிளாஸ் கூடும், அவ்வளவே.

## விலை மாறினால் யாருக்குச் சொல்வது?

தங்கத்தின் விலை காலையில் ஒன்று, சில நாட்களில் மாலையில் இன்னொன்று. மாறியவுடன் கடையின் விலைப்பலகை, பில் கவுன்ட்டர்கள், இணையதளம் எல்லாவற்றுக்கும் தெரிய வேண்டும். விலை ஆப்ஜெக்டே இவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தால், புதிதாக ஒரு மொபைல் ஆப் வரும்போதெல்லாம் விலை ஆப்ஜெக்டைத் திருத்த வேண்டும். அதனால் திசையை மாற்றுகிறார்கள்: வேண்டியவர்கள் வந்து பதிவு செய்துகொள்ளட்டும், விலை மாறினால் பதிவேட்டில் இருக்கும் எல்லாருக்கும் ஒரு குரல் கொடுத்துவிடுவேன். இது அப்சர்வர் பேட்டர்ன். திரையில் பட்டனை அழுத்தினால் ஏதோ நடக்கிறதே, அதற்குப் பின்னால் ஏறக்குறைய எங்கும் இருப்பது இதுதான்.

இதன் விலை பாடக் குறிப்புகளில் அரிதாகவே வரும். பதிவு செய்தவர் பெயரை நீக்க மறந்தால் பதிவேடு அவரை விடாது. திரையை மூடியபிறகும் அந்தத் திரை ஆப்ஜெக்ட் நினைவகத்தில் கிடக்கும். நாள் முழுக்க ஓடும் நிரலில் திரைகளைத் திறந்து மூடத் திறந்து மூட நினைவகம் ஏறிக்கொண்டே போய், மாலையில் நிரல் நின்றுவிடும். காலையில் திறந்து சோதித்துப் பார்க்கும் நிரலாளருக்கு எந்தத் தவறும் தெரியாது. இன்னொன்று, யார் எந்த வரிசையில் எழுப்பப்படுவார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஜாவாவில் முதல் பதிப்பிலிருந்தே இருந்த அப்சர்வர் வசதியை, 2017-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் "இனிப் பயன்படுத்த வேண்டாம்" என்று குறித்துவிட்டார்கள். அந்த யோசனையில் தவறில்லை. அந்த ஏற்பாடு இன்றைய தேவைக்குப் போதவில்லை.

## சிங்கிள்டன்: எளிதாக இருந்ததால் வந்த வினை

ஒரு கிளாஸிலிருந்து ஒரே ஓர் ஆப்ஜெக்ட்தான் பிறக்கும். நிரலின் எந்த மூலையிலிருந்தும் அதை எட்டிப் பிடிக்கலாம். இந்த இரண்டு வாக்குறுதிகளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுத் தருவது சிங்கிள்டன். 23-இல் எழுத மிக எளிதானது அதுதான், அதனால் மிக வேகமாகப் பரவியது. கற்றுக்கொள்பவர்களுக்கு மிக அதிகக் கெடுதல் செய்ததும் அதுதான் என்றே நினைக்கிறேன்.

"இன்றைய தங்க விலை கடைக்கு ஒன்றுதானே, சிங்கிள்டன் போட்டுவிடலாம்" என்று முடிவெடுத்ததாக வைத்துக்கொள்வோம். பில், எஸ்டிமேட், பழைய நகை வாங்கும் கவுன்ட்டர் எல்லாமே உள்ளுக்குள் நேராக அந்த ஆப்ஜெக்டைக் கூப்பிட்டு விலையைக் கேட்கும். சில மாதங்கள் நன்றாகவே ஓடும். பிறகு வரிசையாக வருபவை:

1. முன்பணம் கட்டி விலையைப் பூட்டிக்கொண்டுபோன வாடிக்கையாளர் நகை வாங்க வருகிறார். அவருக்குப் பதிவு செய்த நாளின் விலையில் பில் போட வேண்டும். ஆனால் பில் கிளாஸ் தானாகவே உள்ளே போய் இன்றைய விலையை எடுக்கிறது. வேறு விலையைக் கொடுக்க வாசலே இல்லை. அவசரத்தில் ஒருவர் எழுதுகிறார்: சிங்கிள்டனில் விலையைப் பழையதாக மாற்று, பில்லைப் போடு, திரும்பவும் புதியதாக மாற்று. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் நடுவிலுள்ள நொடியில் பக்கத்துக் கவுன்ட்டரில் பில் போட்டவருக்கும் பழைய விலையில் நகை போய்விடுகிறது. இந்தப் பிழையை மறுநாள் யாராலும் மீண்டும் வரவழைத்துக் காட்ட முடியாது.

2. சோதனை எழுதுபவர் கிராம் 5,000 ரூபாய் என்று வைத்து, 17.6 கிராமுக்கு 88,000 வருகிறதா என்று பார்க்கிறார். அடுத்த சோதனை கிராம் 6,000 என்று நம்பி எழுதப்பட்டது. முதல் சோதனை விட்டுப்போன விலை சிங்கிள்டனில் அப்படியே இருப்பதால், தனியாக ஓட்டினால் தேறும் சோதனை சேர்த்து ஓட்டினால் தோற்கிறது.

3. நிரலுக்குள் இணையாக ஓடும் இரண்டு வேலைகள், அதாவது த்ரெட்கள், ஒரே சமயத்தில் முதன்முறையாகக் கேட்டால் இரண்டு ஆப்ஜெக்ட்கள் பிறந்துவிடலாம். அதைத் தடுக்கப் பூட்டுப் போட்டால் வேகம் குறையும். வேகத்துக்காக "பூட்டுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை பார்" என்று ஒரு தந்திரம் பரவியது. 2004-இல் ஐந்தாம் பதிப்பு வரும்வரை ஜாவாவில் அந்தத் தந்திரம் பாதி கட்டிய ஆப்ஜெக்டைக் கையில் கொடுக்க வாய்ப்பு இருந்தது. அந்தப் பதிப்பில் நினைவக விதிகளைத் திருத்தியபிறகே, வாலட்டைல் என்ற குறிப்போடு எழுதினால் அது சரியாக வேலை செய்தது.

மருந்து, முடிச்சை அவிழ்ப்பது. ஆப்ஜெக்ட் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். நிரல் தொடங்கும் இடத்தில் ஒருமுறை உருவாக்கி, தேவைப்படுபவர்களின் கையில் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுத்துவிடலாம். எந்த மூலையிலிருந்தும் எட்டிப் பிடிக்கும் வசதியை மட்டும் எடுத்துவிட வேண்டும். பில்லுக்கு விலை வெளியிலிருந்து வரும். முன்பணம் கட்டியவரின் பில்லுக்கு அவருடைய விலையைக் கொடுத்தால் முடிந்தது. இப்படி வெளியிலிருந்து கொடுப்பதற்கு "டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்" என்று 2004-இல் மார்ட்டின் ஃபௌலர் எழுதிய கட்டுரை பெயரை நிலைநிறுத்தியது.

நால்வரில் ஒருவரான எரிக் காமாவே 2009-இல் ஒரு பேட்டியில், பட்டியலைத் திருத்தினால் சிங்கிள்டனை நீக்க விரும்புவதாகச் சொன்னார். அது தென்படும் இடத்தில் பெரும்பாலும் வடிவமைப்பில் கோளாறு இருக்கிறது என்பது அவர் கருத்து. அதற்குப்பின் இத்தனை ஆண்டுகள் ஆகியும் நேர்காணலில் முதலில் கேட்கப்படுவது அதுவாகவே இருக்கிறது.

## மொழிக்குள் கரைந்துபோகும் பேட்டர்ன்கள்

நால்வரும் உதாரணங்களை எழுதியது சி பிளஸ் பிளஸ், ஸ்மால்டாக் மொழிகளில். 1990-களில் கணினி விஞ்ஞானி பீட்டர் நார்விக் ஒரு கேள்வி எழுப்பினார்: இந்த 23-இல் எத்தனை உண்மையில் வடிவமைப்பு, எத்தனை மொழியின் குறைக்குப் போட்ட ஒட்டு? லிஸ்ப், டிலன் போன்ற மொழிகளில் 16 பேட்டர்ன்கள் மிக எளிதாகிவிடுகின்றன அல்லது கண்ணுக்கே தெரியாமல் போகின்றன என்று அவர் காட்டினார்.

பிறகு வந்த காலம் அவர் சொன்னதை உறுதிப்படுத்தியது. ஒரு தொகுப்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டர் பேட்டர்ன், பைத்தானிலும் ஜாவாவிலும் ஃபார் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிட்டது. 2014-இல் ஜாவாவின் எட்டாம் பதிப்பு கிளாஸ் இல்லாமலே ஒரு கணக்கை எழுதிக் கையில் கொடுக்கும் லாம்டா வசதியைக் கொண்டுவந்தபிறகு, மேலே பார்த்த கூலிக் கணக்குகளுக்கு நான்கு கிளாஸ் எழுத வேண்டியதில்லை. நான்கு ஒற்றை வரிச் சார்புகள் (ஃபங்ஷன்கள்) போதும்.

அப்படியானால் ஸ்ட்ராட்டஜி செத்துவிட்டதா? கிளாஸ் வடிவம் போய்விட்டது. மாறும் கணக்கை மாறாத பில்லிலிருந்து பிரித்தெடுக்க வேண்டிய தேவை போகவில்லை. 1994-இன் கட்டப்படத்தை இன்றைய மொழியில் வரிக்கு வரி நகலெடுப்பவர், தேவையற்ற நாலு கோப்புகளைச் சுமக்கிறார். சிக்கலைப் புரிந்துகொண்டவர் ஒரு வரியில் முடிக்கிறார். இரண்டுமே ஸ்ட்ராட்டஜிதான்.

நிரல் எழுதித் தரும் ஏஐ கருவிகள் பரவியிருக்கும் இந்நாளில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ஒரு சின்ன வேலையைக் கேட்டாலும் இன்டர்ஃபேஸ், ஆப்ஜெக்ட் உருவாக்கும் ஃபேக்டரி, பில்டர் பேட்டர்ன்கள் என்று நேர்த்தியான அடுக்குகள் வந்து விழக்கூடும். தட்டச்சு செய்யும் உழைப்பு மிச்சமாகிவிட்டது; படித்துப் பராமரிக்கும் உழைப்பு அப்படியே இருக்கிறது. அந்த அடுக்கு எந்தச் சிக்கலுக்காக வந்தது என்று கேட்டு, பதில் இல்லையென்றால் வெட்டி எறிய, படிப்பவருக்குப் பேட்டர்ன் தெரிந்திருக்க வேண்டும்.

## எப்போது கையில் எடுப்பது?

ஒரு பேட்டர்னைப் போடுவதற்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை:

1. எது மாறுகிறது? "எதிர்காலத்தில் மாறலாம்" என்பது பதில் ஆகாது. ஏற்கெனவே இரண்டு முறையாவது மாறியிருக்கிறதா?

2. அது மாறும்போது எத்தனை இடங்களைத் தொட வேண்டியிருக்கிறது? ஒரே இடம் என்றால் இஃப்-எல்ஸ் ஏணியே நல்லது.

3. மொழியே இதற்கு வழி வைத்திருக்கிறதா? ஒரு சார்பைக் கையில் கொடுத்தால் முடியுமா?

4. இதற்காகக் கூடும் கோப்புகளை, குழுவில் நேற்றுச் சேர்ந்தவர் படித்துப் புரிந்துகொள்வாரா?

முதல் கேள்விக்கு ஊகத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. பதில் ஏற்கெனவே, நிரலின் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. கடந்த ஆறு மாதத்தில் எந்தக் கோப்பு எத்தனை முறை திருத்தப்பட்டது என்று எண்ணி வரிசைப்படுத்துங்கள். முதலில் வரும் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு திருத்தத்திலும் எந்த வரிகள் மாறின, எந்த வரிகள் அசையாமல் இருந்தன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிக்க வேண்டிய கோடு அந்த இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது.